லே தியபோலிக் (1955): பொறுமையாகப் பார்த்தால் பலன் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய திகில் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களிடம் யாராவது ஒருவர் இந்தப் பிரெஞ்சுப் படத்தைக் கட்டாயம் பரிந்துரைப்பார். போட்டு அரை மணி நேரத்தில் "இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று அணைத்துவிடுபவர்களும் அதே அளவுக்கு உண்டு. இரண்டு தரப்புக்கும் பயன்படும் கேள்விகள் இங்கே உள்ளன. படம் பார்க்காதவர்கள் தயங்காமல் படிக்கலாம். கதை உடையும் பகுதி கடைசியில் தனியாக, எச்சரிக்கையோடு இருக்கிறது.

கதை என்ன, யார் எடுத்தது?

இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ. 1955 ஜனவரியில் பிரான்ஸில் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். பாரிஸ் பக்கத்தில், பராமரிப்பே இல்லாத ஒரு விடுதிப் பள்ளி. பள்ளிக்குச் சொந்தக்காரி கிறிஸ்டினா (வேரா க்ளூஸோ, இயக்குநரின் மனைவி). பணம் அவளுடையது, அதிகாரமெல்லாம் அவள் கணவனும் தலைமையாசிரியருமான மிஷேலிடம் (போல் மெரிஸ்). அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் நிக்கோல் (சிமோன் சின்யொரே) மிஷேலின் காதலி. ஊரறிந்த விஷயம். மனைவி, காதலி இருவரையும் அவன் அடிக்கிறான். இருவரும் சேர்ந்து அவனைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். கொன்று பள்ளி நீச்சல் குளத்தில் போட்ட பிறகு, பிணம் மேலே வரவே இல்லை. இதற்கு மேல் எந்தக் கதைச்சுருக்கத்தையும் படிக்காதீர்கள்.

எவ்வளவு மெதுவான படம்? நேரக் கணக்கு சொல்ல முடியுமா?

மொத்தம் ஏறத்தாழ 1 மணி 57 நிமிடம். முதல் அரை மணி நேரம் பள்ளிக்கூட வாழ்க்கையும் சதித்திட்டமும். அடுத்த கால் மணி நேரத்துக்குள் கொலை. பிணத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து குளத்தில் போட்டு முடிக்கும்போது படம் பாதியை நெருங்கியிருக்கும். பிறகு காத்திருப்பு, வதந்தி, சின்னச் சின்னத் தடயங்கள். கடைசி கால் மணி நேரம்தான் 'திகில் படம்' என்று நாம் பொதுவாக எதிர்பார்க்கும் பகுதி.

கொலை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாற்பது நிமிடம் வீண். கொலைக்கு முன்பே படம் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

முதல் அரை மணி நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீரை. பள்ளி வாசலில் தேங்கிய குட்டையில் பையன்கள் விட்ட காகிதக் கப்பலை வண்டிச் சக்கரம் நசுக்கிக்கொண்டு போகிறது. இலைதழை மிதக்கும் பாசிபிடித்த குளம் ஒன்று வந்துபோகிறது. யாரும் அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை. படம் முழுக்கத் தண்ணீர்தான் பயத்தைச் சுமக்கப்போகிறது.

அடுத்து, சாப்பாட்டுக் கூடம். மிஷேல் மலிவாகக் கிடைத்த கெட்டுப்போன மீனை வாங்கிப் பையன்களுக்குப் போட வைக்கிறான். கிறிஸ்டினாவால் அதை விழுங்க முடியவில்லை. ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லோர் முன்னாலும் "விழுங்கு" என்கிறான். அத்தனை கண்களும் அவள் மேல். அவள் விழுங்குகிறாள். ஓங்கி அறைவதைவிடக் கொடுமையான காட்சி இது. படத்தின் கணக்கில் இதற்கு ஒரு வேலையும் இருக்கிறது: இதைப் பார்த்து முடித்தவர்கள் கொலைக்கு மனதளவில் சம்மதித்துவிடுகிறார்கள். கொலை நடக்கும்போது "மாட்டிக்கொள்ளக் கூடாதே" என்று பதறுவது நாமாகத்தான் இருப்போம்.

மூன்றாவது, கிறிஸ்டினாவின் உடல்நிலையும் பக்தியும். இதயம் பலவீனமானவள், மருந்தில் இருப்பவள். படுக்கையறையில் சிறு பூஜை மாடம் வைத்து வணங்கும் கத்தோலிக்கப் பெண். விவாகரத்தே பாவம் என்று நம்புகிறவள். கொலை செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஆள் இல்லை என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. நிக்கோல் நேர் எதிர்: குட்டை முடி, கறுப்புக் கண்ணாடி, அலட்டிக்கொள்ளாத பேச்சு. அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் அடிபட்டு வீங்கிய கண்.

நியோர் நகரத்தில் நடக்கும் பகுதி ஏன் இவ்வளவு நீளம்? கொலையைச் சட்டென்று காட்டியிருக்கலாமே?

படத்தின் உயிரே அந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விடுமுறை நாட்களில் இருவரும் நியோருக்குப் போகிறார்கள். அங்கே நிக்கோலுக்கு ஒரு வீடு இருக்கிறது. பாரிஸிலிருந்து சாலைவழி சுமார் 400 கிலோமீட்டர். "நாங்கள் அங்கே இருந்தோம், அவர் இங்கே குளத்தில் விழுந்தார்" என்று சொல்லத் தோதான தூரம். அங்கிருந்து கிறிஸ்டினா தொலைபேசியில் விவாகரத்து கேட்பதாக மிரட்டுகிறாள். ஆத்திரத்தோடு மிஷேல் கிளம்பி வருகிறான். மயக்க மருந்து கலந்த விஸ்கி தயாராக இருக்கிறது. இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். க்ளூஸோ அப்படிச் செய்வதில்லை. கொலையை அவர் ஒரு வீட்டு வேலையாகக் காட்டுகிறார்.

குளியல் தொட்டி நிரம்ப நேரம் பிடிக்கும். பழைய வீட்டுக் குழாயில் இரவில் தண்ணீர் திறந்தால் வீடு முழுக்கக் கேட்கும். மாடியில் குடியிருக்கும் தம்பதி ரேடியோ நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் யார் குளிக்கிறார்கள் என்று அந்த மனிதர் எரிச்சல்படுகிறார். கீழே ஒருவன் சாகிறான், மேலே ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்பது பிரச்சினை. உடல் மேலே எழாமல் இருக்கக் கனமான வெண்கலச் சிலையைத் தூக்கி மேலே வைக்கிறார்கள். தொட்டியை மேசை விரிப்பால் மூடுகிறார்கள். இரவு கழிய வேண்டும்.

மறுநாள் பிரம்புப் பெட்டி. ஓர் ஆண் உடலின் எடையை இரண்டு பெண்கள் தூக்க முடியாது. எனவே விஷயம் தெரியாத மாடிவீட்டுக்காரரே கைகொடுக்கிறார். வழியில் பெட்ரோல் போட நின்றால், குடித்த சிப்பாய் ஒருவன் வண்டியின் பின்பக்கம் ஏறிக்கொள்ளப் பார்க்கிறான். பெட்டியின் மூடி மேலேயே நம் கண் ஒட்டிக்கொள்கிறது.

எடை, சத்தம், நேரம், அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொரு தடங்கலும் நிஜ வாழ்க்கையில் வரக்கூடியது. சட்டென்று வெட்டிக் காட்டியிருந்தால் இவற்றில் எதுவும் நம் மேல் ஏறியிருக்காது. பெட்டியைத் தூக்கும் கை வலி நமக்கும் வந்தால்தான், பிறகு பிணம் காணாமல் போகும்போது தரை நழுவும்.

பாதியில் நிறுத்துபவர்கள் பொதுவாக எங்கே நிறுத்துகிறார்கள்?

இரண்டு இடங்களில். முதலாவது, தொடக்கத்தில் ஆசிரியர்களின் சில்லறைப் பேச்சு வரும் பகுதி. சாப்பாடு, மது அளவு, சம்பளம் என்று போகும். இருபது நிமிடம் தாண்டினால் மீன் காட்சியும் சதியும் பிடித்திழுத்துவிடும்.

இரண்டாவது இடம் ஆபத்தானது. சாவி விழுந்துவிட்டது என்று சாக்குச் சொல்லிக் குளத்து நீரை வெளியேற்ற வைக்கிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை. இதோடு கதை சூடுபிடிக்கும் என்று எதிர்பார்ப்போம், படமோ வேகத்தைக் குறைக்கிறது. இறந்தவன் அணிந்திருந்த உடை சலவைக்கடையிலிருந்து வெளுத்து வருகிறது. அதன் பையில் ஒரு ஹோட்டல் அறைச் சாவி. பத்திரிகையில் சேன் நதியில் கிடைத்த அடையாளம் தெரியாத பிணம் பற்றிய செய்தி. சவக்கிடங்கில், கசங்கிய கோட்டு போட்ட ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஃபிஷே (ஷார்ல் வனெல்) வலிய வந்து ஒட்டிக்கொள்கிறார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். இங்கே கிறிஸ்டினாவின் முகத்தைப் பாருங்கள். காட்சிக்குக் காட்சி அவள் வெளிறிக்கொண்டே போகிறாள். கதை முன்னேறுவது தடயங்களில் இருப்பதைவிட அந்த முகத்தில்தான் அதிகம்.

இது பேய்ப் படமா, கொலைப் படமா?

அந்தச் சந்தேகம் கடைசி வரை உங்களோடு இருக்க வேண்டும் என்பதே இயக்குநரின் விருப்பம். இரண்டு விளக்கத்துக்கும் சம அளவு சான்றுகள் வந்துகொண்டே இருக்கும்.

பின்னணி இசையே கேட்கவில்லை. என் பிரதியில் ஒலி பழுதா?

பழுது இல்லை. ஜார்ஜ் வான் பாரிஸ் இசையமைத்தது தொடக்க எழுத்துகளுக்கும் முடிவுக்கும் மட்டும்தான். நடுவில் முழுக்கச் சுற்றுப்புற ஒலி: குழாய்த் தண்ணீர், பையன்களின் கூச்சல், கதவுக் கீல், காலடி. எப்போது பயப்பட வேண்டும் என்று இசை முன்கூட்டிச் சொல்லித்தராததால் எல்லா ஒலியும் சந்தேகத்துக்குரியதாகிறது. ஆகவே ஒலி அளவை வசனத்துக்கு ஏற்ப வைத்துவிட்டுத் தொடாதீர்கள். கடைசிப் பகுதியில் வசனம் அநேகமாக நின்றுவிடும். அங்கே தட்டச்சு இயந்திரத்தின் ஓசை தொலைவிலிருந்து கேட்க வேண்டும். மின்விசிறி இரைச்சல் அதிகமுள்ள அறையென்றால் ஹெட்போன் நல்லது.

எந்தப் பிரதியைத் தேர்ந்தெடுப்பது? டிவியில் என்ன மாற்ற வேண்டும்?

பிரெஞ்சு ஒலியும் சப்டைட்டிலும் உள்ள பிரதியை எடுங்கள். ஆங்கில டப்பிங்கில் சின்யொரேயின் குரல் போய்விடும். படத்தின் பாதி அந்தக் குரலில் இருக்கிறது. ஓடும் நேரம் 1 மணி 55 நிமிடத்துக்குக் கணிசமாகக் கீழே காட்டினால் வெட்டிய பிரதியாக இருக்கலாம். தவிர்த்துவிடுங்கள்.

படத்தின் சட்டகம் 1.37:1, ஏறக்குறையச் சதுரம். அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. 'ஜூம்' போட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். குளியல் தொட்டிக் காட்சிகளில் கீழ் விளிம்பு முக்கியம். அசைவை மிகையாக வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் அமைப்பை அணைக்கவும், இல்லாவிட்டால் சீரியல் போலத் தெரியும். படத் தோற்ற அமைப்பில் 'விவிட்' வேண்டாம், 'சினிமா' அல்லது 'மூவி' போதும். ஒளிப்பதிவாளர் அர்மான் திராரின் கடைசி நடைவழிக் காட்சி கரும் நிழல்களால் ஆனது; அறையில் விளக்கு எரிந்தால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டுவதற்குப் பார்க்காமலே இருந்துவிடலாம்.

ஒரே மூச்சில் பார்க்க நேரமில்லை. எங்கே இடைவேளை விடலாம்?

இரவில் பெட்டியைக் குளத்தங்கரைக்குக் கொண்டுவந்து காலி செய்யும் காட்சி முடிந்ததும். நியோரில் இருக்கும்போது நிறுத்தாதீர்கள், சேர்ந்த இறுக்கம் கலைந்துவிடும். கடைசி அரை மணி நேரத்தில் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

கிட்டத்தட்ட இதே பெயரில் 1996 படம் ஒன்று இருக்கிறதே?

அது ஷரன் ஸ்டோன், இசபெல் அஜானி நடித்த அமெரிக்க ரீமேக். தேடும்போது இரண்டும் கலந்து வரும். ஆண்டைப் பார்த்துச் சொடுக்குங்கள். ரீமேக்கை முதலில் பார்த்துவிட்டால் மூலப்படத்தின் பெரும்பகுதி அதிர்ச்சி போய்விடும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

ரத்தமோ நிர்வாணக் கவர்ச்சியோ இல்லை. ஆனால் மனைவியை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் விரிவாக வருகிறது. கடைசிக் காட்சி சிறுவர்களுக்கு நாள்கணக்கில் தொந்தரவு தரும். பதினைந்து வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். குடும்ப வன்முறையை அனுபவித்தவர்களுக்கு முதல் பாதி கடினமாக இருக்கும். இதயநோயாளிகள் இரவில் தனியாகப் பார்க்க வேண்டாம் என்பது சம்பிரதாய எச்சரிக்கை, இந்தப் படத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது.

படத்தில் நிஜமாகவே தொய்வு இல்லையா?

இருக்கிறது. ஃபிஷே வந்த பிறகு ஹோட்டல், சவக்கிடங்கு என்று அலையும் பகுதியில் ஐந்தாறு நிமிடங்களைக் குறைத்திருக்கலாம். சக ஆசிரியர்களின் நகைச்சுவை இன்றைக்குப் பழசாகத் தெரியும். ரத்தமும் துரத்தலும் வேண்டுபவர்கள், பாத்திரம் ஒன்றையாவது நேசித்தால்தான் படம் பார்க்க முடியும் என்பவர்கள், இருவருக்கும் இது சரிவராது. மற்றவர்களுக்குப் பலன் உறுதி. கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் இணையத்தில் துண்டாகப் பார்த்தால் ஒன்றுமே உறைக்காது. முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் கிறிஸ்டினாவோடு இருந்தவர்களுக்குத்தான் அது வேலை செய்யும்.

முடிவைச் சொல்லாதீர்கள் என்று படமே கேட்கிறதாமே?

ஆமாம். படம் முடிந்ததும் திரையில் ஒரு வேண்டுகோள் வரும்: நீங்களும் (படத் தலைப்பு சொல்லும்) சாத்தான்களாக இருக்காதீர்கள், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லி அவர்களுடைய ஆர்வத்தைக் கெடுக்காதீர்கள் என்று. 1960இல் ஹிட்ச்காக் 'சைக்கோ'வுக்குத் தாமதமாக வருபவர்களை உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்குக் கட்டளையிட்டது இதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து.

பிடித்திருந்தால் அடுத்து எது?

க்ளூஸோவின் முந்தைய படம் 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' (1953). நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரிகளை ஓட்டிப்போகும் கதை. அங்கும் முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். அடுத்து ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958). 'லே தியபோலிக்' மூலநாவலை எழுதிய புவாலோ, நார்ஸெஜாக் இணையரின் இன்னொரு நாவலிலிருந்து வந்தது அது.

---

இதற்குக் கீழே முடிவு உட்பட எல்லாம் உடைக்கப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.

---

முடிவைத் தெளிவாகச் சொல்லுங்கள். யார் யாருக்கு எதிராகத் திட்டமிட்டது?

மிஷேலும் நிக்கோலும் சேர்ந்து கிறிஸ்டினாவுக்கு எதிராக. மிஷேல் சாகவே இல்லை. பணமும் பள்ளியும் கிறிஸ்டினாவின் பெயரில் இருக்கின்றன, அவளுக்கு இதயம் பலவீனம். விஷம் வைத்தாலோ கழுத்தை நெரித்தாலோ தடயம் இருக்கும். பயத்தில் இதயம் நின்றால் எந்த மருத்துவரும் சந்தேகப்பட மாட்டார்.

படம் ஏன் மெதுவாக நகர்கிறது என்பதற்கு விடை இதற்குள் இருக்கிறது. ஓர் இதயம் ஒரே அதிர்ச்சியில் நின்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. குற்றவுணர்வு, தூக்கமின்மை, குழப்பம் என்று நாள்கணக்கில் தேய்க்க வேண்டும். காலிக் குளம், வெளுத்த உடை, ஹோட்டல் சாவி எல்லாம் அந்தத் தேய்ப்பின் படிகள். கொலைகாரர்களின் வேலைமுறையும் படத்தின் நடையும் ஒன்றே. கிறிஸ்டினாவுக்கு என்ன செய்யப்பட்டதோ அதேதான் நமக்கும் செய்யப்பட்டது.

மிஷேல் தண்ணீருக்கடியில் எப்படி உயிரோடு இருந்தான்?

படத்தின் பலவீனமான முடிச்சு இது. மயக்க மருந்து நாடகம், அவன் மூச்சை அடக்கிக்கொண்டான், கிறிஸ்டினா அப்பால் போனதும் எழுந்துவிட்டான் என்றுதான் கொள்ள வேண்டும். பிரம்புப் பெட்டிக்குள் அத்தனை தூரம் வந்ததையும் கேள்வி கேட்கலாம். படம் இதைக் கடைசியில் ஓரிரு வரியில் கடந்துவிடுகிறது. பார்க்கும்போது உறுத்தாததற்குக் காரணம், அந்த நேரத்தில் நாமும் தொட்டிப் பக்கம் பார்க்கத் தயங்குகிறோம். கிறிஸ்டினா பார்க்காததை நாமும் சரிபார்ப்பதில்லை.

வகுப்புப் புகைப்படத்தில் ஜன்னலில் தெரிந்த முகம்?

மிஷேல்தான். பள்ளிக்குள்ளேயே மறைந்து திரிந்தான்.

தலைமையாசிரியரைப் பார்த்தேன் என்று சொன்ன பையன், கடைசியில் கிறிஸ்டினாவைப் பார்த்ததாகச் சொல்கிறானே?

பையன் பெயர் முவானே. முதலில், தன் உண்டிவில்லைத் தலைமையாசிரியர் பிடுங்கிக்கொண்டார் என்கிறான். பொய் என்று அவனைத் தண்டிக்கிறார்கள். அது உண்மை என்று பிறகு தெரிகிறது. கிறிஸ்டினா இறந்து, ஃபிஷே இருவரையும் பிடித்த பிறகு, அம்மையார்தான் உண்டிவில்லைத் திருப்பிக் கொடுத்தார் என்கிறான். மறுபடியும் யாரும் நம்பவில்லை. அவள் பிழைத்திருக்கிறாள், ஃபிஷே நாடகமாடுகிறார் என்பது ஒரு வாசிப்பு. பையனின் கற்பனை என்பது இன்னொன்று. ஒரு முறை உண்மை சொன்னவன் என்பதால் எளிதில் தள்ளிவிட முடியாது. க்ளூஸோ வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார். இந்தக் கதவைச் சாத்தும் எந்த விளக்கத்துக்கும் படத்தில் ஆதாரம் கிடையாது.

நாவலிலும் இதே முடிவா?

இல்லை. 1952இல் வந்த நாவலில் கணவனும் காதலியும் சேர்ந்து மனைவியைத் தொட்டியில் மூழ்கடிக்கிறார்கள், ஆனால் உண்மையில் பலியாவது கணவன். க்ளூஸோ ஆண், பெண் இடங்களை மாற்றிப்போட்டு, பள்ளிக்கூடத்தையும் சேர்த்தார். கூட்டமும் கூச்சலும் நிறைந்த இடத்தில் ரகசியத்தைக் காப்பது இன்னும் கடினம் என்பதால் இந்த மாற்றம் லாபமே. வேரா க்ளூஸோ நடித்தது மூன்றே படங்கள், மூன்றும் கணவர் இயக்கியவை. 1960இல் மாரடைப்பில் இறந்தார் என்பதை அறிந்தவர்களால் கடைசிக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

இரண்டாம் முறை பார்த்தால் எங்கே பார்க்க வேண்டும்?

நிக்கோலின் கைகளை. தொட்டியில் உடலைக் கையாள்வது, விரிப்பால் மூடுவது, எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவெடுப்பது எல்லாம் அவள். கிறிஸ்டினா நின்று சரிபார்க்க வாய்ப்பே தருவதில்லை. சலவை உடை வந்ததும் அவள் காட்டும் எரிச்சல், புகைப்படத்துக்குப் பிறகு தானும் பயந்துவிட்டதுபோல் பள்ளியைவிட்டுப் போவது, இரண்டையும் முதல் முறை நட்பாகவும் கோழைத்தனமாகவும் எடுத்துக்கொண்டிருப்போம். சின்யொரே எந்தக் காட்சியிலும் பார்வையாளருக்குக் கண்ணடிப்பதில்லை. அவள் சொல்லும் வாக்கியங்கள் பலவும் இரண்டு பொருளிலும் சரியாக நிற்கும்படி எழுதப்பட்டவை. முதல் முறை பார்த்துச் சில மாதங்கள் கழித்து, நியோர் பகுதியை மட்டுமாவது மறுபடி போட்டுப் பாருங்கள். விஸ்கி டம்ளரை மிஷேல் கையில் எடுக்கும் நொடியிலிருந்து அவன் என்ன செய்கிறான் என்று கவனித்தால், நடிப்பவன் ஒருவனை நடிக்கும் போல் மெரிஸின் திறமை புரியும்.